அடைப்பு நீங்கிய பிறகு காலுக்கு என்ன நேர்ந்தது

ரத்தக்குழாயில் இருந்த அடைப்பை எடுத்துவிட்டார்கள் என்றால் உறுப்பு பிழைத்துவிட்டது என்று நோயாளியின் குடும்பத்தார் நம்புவது இயல்பு. மாரடைப்போ, பக்கவாதமோ, கால் ரத்தக்குழாய் அடைப்போ, அறுவை அரங்கிலிருந்து வெளியே வரும் மருத்துவர் "அடைப்பை எடுத்தாச்சு" என்று சொன்னதும் காத்திருந்தவர்கள் பெருமூச்சு விட்டு, ஊருக்குத் தொலைபேசியில் நல்ல செய்தி சொல்லத் தொடங்குகிறார்கள். ஆனால் ரத்தமில்லாமல் கிடந்த திசுவுக்கு ஆபத்து அத்துடன் தீர்வதில்லை. ரத்தம் நின்றிருந்த நேரத்தில் ஏற்பட்ட சேதத்தின் மேல், ரத்தம் திரும்பி வருவதாலேயே இன்னொரு சேதம் ஏற்படுகிறது. அதை உண்டாக்குவதில், ஜோடியில்லாத எலெக்ட்ரானைச் சுமந்து அருகிலுள்ளதைத் தாக்கும் மூலக்கூறுகளான ஃப்ரீ ராடிக்கல்களுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. மும்பைக் கல்லூரி ஒன்றில் உயிர்வேதியியல் செய்முறை வகுப்புகளை நடத்தும் நான், பல ஆண்டுகளாகக் கரும்பலகையில் அம்புக்குறிகளாக வரைந்து காட்டிவந்த இந்த நிகழ்வை, என் சித்தப்பாவின் வலது காலில் கண்ணெதிரே பார்த்தேன். அப்படியொரு இரவு உங்கள் வீட்டிலும் வந்தால் என்ன செய்ய வேண்டும், எதை எதிர்பார்க்க வேண்டும் என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

சித்தப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இளம் வயதில் தாராவிக்கு வந்து, தோல் பட்டறைகளில் உழைத்து, 90 அடிச் சாலையிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில் வீடு வாங்கி அங்கேயே தங்கிவிட்டவர். அவருக்கு இதயத்துடிப்பு ஒழுங்கில்லாமல் அடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருந்தது. அதில் இதயத்தின் மேலறை சரியாகச் சுருங்காமல் வெறுமனே அதிர்ந்துகொண்டிருப்பதால் அங்கே ரத்தம் தேங்கி உறையும்; உறைந்த கட்டி கிளம்பினால் மூளைக்கும் போகலாம், காலுக்கும் போகலாம். அதைத் தடுக்க ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையைத் தினமும் சாப்பிட்டுவந்தவர், ஊர்க் கோயில் கொடைக்குப் போன இடத்தில் மாத்திரை தீர்ந்துவிட, மும்பைக்குப் போய் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். திரும்பி வந்த சில நாட்களில், ஒரு விடியற்காலையில், வலது காலில் உயிர் போகும் வலியோடு எழுந்தார்.

சித்தி தைலம் தேய்த்து வெந்நீர் ஒத்தடம் கொடுத்திருக்கிறார். பக்கத்தில் இருந்த ஒரு கிளினிக்கில் தசைப்பிடிப்பு என்று சொல்லி வலி ஊசி போட்டு அனுப்பியிருக்கிறார்கள். எனக்குச் செய்தி வந்து மாட்டுங்காவிலிருந்து நான் போய்ச் சேர்ந்தபோது நன்றாக விடிந்துவிட்டது. சித்தப்பா என்னைப் பார்த்ததும், "ஏலே, இது என் காலு மாதிரியே இல்லலே" என்றார். இரண்டு பாதங்களிலும் ஒரே நேரத்தில் கை வைத்துப் பார்த்தேன். இடது பாதம் வெதுவெதுப்பாக இருக்க, வலது கால் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழிருந்து சில்லென்றிருந்தது. தோல் வெளிறி, அங்கங்கே நீலம் பாரித்திருந்தது. பெருவிரல் நகத்தை அழுத்தி விட்டால் இடது காலில் உடனே திரும்பும் சிவப்பு, வலது காலில் திரும்பவே இல்லை. பாதத்தின் மேற்புறத்தில் நாடி தட்டுப்படவில்லை. விரல்களை அசைக்கச் சொன்னால், அசைக்கிறேன் என்று அவர் சொல்கிறாரே தவிர விரல்கள் அசையவில்லை.

திடீர் வலி, வெளிறல், சில்லிப்பு, நாடியின்மை, மரத்துப்போதல், அசைக்க முடியாமை ஆகிய ஆறும் காலுக்குப் போகும் ரத்தம் நின்றுவிட்டதன் அடையாளங்கள். கடைசி இரண்டும் வந்துவிட்டால் நரம்பும் தசையும் செத்துக்கொண்டிருக்கின்றன என்று பொருள். இந்த நிலையில் காலைத் தேய்க்கக் கூடாது. வெந்நீர்ப் பை வைக்கவும் கூடாது. உணர்வற்ற தோல் வெந்து கொப்பளித்தாலும் நோயாளிக்குத் தெரியாது. சூடு, ரத்தமில்லாத திசுவின் ஆக்சிஜன் தேவையைக் கூட்டி அழிவையும் விரைவுபடுத்தும். வீங்கிய காலுக்குச் செய்வதுபோல் தலையணை வைத்து உயர்த்தினால் மிச்சமுள்ள கொஞ்ச ரத்தமும் பாதத்தை எட்டாது. ஆகவே காலை உடல்மட்டத்திலோ சற்றுத் தாழ்வாகவோ வைத்து, பருத்தித் துணியைத் தளர்வாகப் போர்த்தி, ரத்தக்குழாய் அறுவை மருத்துவர் உள்ள மருத்துவமனைக்கு நேராகக் கொண்டுபோக வேண்டும். எங்கள் சந்தில் 108 ஆம்புலன்ஸ் நுழைய இடமில்லாததால், சித்தப்பாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, பக்கத்து வீட்டுத் தம்பிகள் 90 அடிச் சாலை வரை தூக்கிவந்தார்கள்.

மும்பைத் தமிழர்களுக்காக ஒன்று சொல்லவேண்டும். அவசரப் பிரிவில் "கால் வலி" என்று மட்டும் சொன்னால் எலும்பு மருத்துவரிடம் அனுப்பப்பட்டு நேரம் வீணாக வாய்ப்பிருக்கிறது. "பைர் டண்டா ஹை, நாடி நஹீ மில் ரஹீ ஹை" (கால் சில்லென்றிருக்கிறது, நாடி கிடைக்கவில்லை) என்று இந்தியில் முதல் வாக்கியமாகவே சொல்லுங்கள். வலி தொடங்கிய நேரத்தையும், நிறுத்திய மாத்திரையின் பெயரையும் அடுத்துச் சொல்லுங்கள். அங்கிருந்த பயிற்சி மருத்துவர் அந்த வாக்கியத்தைக் கேட்டதும் ரத்த ஓட்டத்தை ஓசையாகக் கேட்கவைக்கும் கையடக்க டாப்ளர் கருவியை எடுத்துவந்து பாதத்தில் வைத்தார். இடது பாதத்தில் கேட்ட ஓசை வலது பாதத்தில் கேட்கவில்லை. ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி உடனே ஏறியது. தாமஸ் ஃபோகார்ட்டி 1963இல் அறிமுகப்படுத்திய, நுனியில் சிறு பலூன் கொண்ட குழாயைத் தொடைவழியாகச் செலுத்தி, பலூனை ஊதிப் பின்னுக்கு இழுத்து ரத்தக்கட்டியை வெளியே எடுத்தார்கள். மதியம் தாண்டி வார்டுக்கு வந்தபோது பாதம் சிவந்து, சூடாகி, நாடியும் கிடைத்தது. சித்தி சுவர்ப்பக்கம் திரும்பிக் கும்பிட்டார்.

அன்று மாலையிலேயே கெண்டைச்சதை வீங்கத் தொடங்கியது. பொழுது சாயச் சாயத் தோல் பளபளவென்று இழுபட்டு, அழுத்தினால் பள்ளம் விழாத அளவுக்குக் கால் கல்லாக இறுகியது. காலையில் இருந்ததைவிட இப்போதுதான் வலி அதிகம் என்றார் சித்தப்பா. செவிலியர் பெருவிரலை மெதுவாக மேல்நோக்கி வளைத்தபோது அவர் போட்ட கூச்சலில் வார்டே திரும்பிப் பார்த்தது. மறுபடியும் அறுவை அரங்குக்குக் கொண்டுபோய், கெண்டைக்காலின் இரண்டு பக்கமும் நீளமாகக் கீறித் தசையுறைகளைத் திறந்துவிட வேண்டும், இல்லையென்றால் கால் போய்விடும் என்று மருத்துவர்கள் கையெழுத்துக் கேட்டார்கள். "ரத்தந்தான் வந்துட்டே தம்பி, பெறகு எதுக்குக் காலக் கிழிக்கணும்?" என்று சித்தி கேட்டார். அப்போது சுருக்கமாகச் சொல்லிக் கையெழுத்துப் போடவைத்தேன். அந்தக் கேள்விக்கான முழுப் பதில் இதுதான்.

ரத்தம் நின்றதும் தசைச்செல்லுக்கு ஆக்சிஜன் கிடைப்பதில்லை. ஆக்சிஜன் இல்லாமல், செல்லின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்ட்ரியா ஏ.டி.பி. என்னும் ஆற்றல் மூலக்கூற்றைத் தயாரிக்க முடியாது. இருப்பிலுள்ள ஏ.டி.பி. படிப்படியாக உடைந்து ஹைப்போசாந்தைன் என்ற பொருளாகத் தேங்குகிறது. லாக்டிக் அமிலம் சேர்ந்து செல்லுக்குள் அமிலத்தன்மை ஏறுகிறது. சோடியத்தை வெளியேற்றும் பம்புகள் ஆற்றலின்றி நின்றுவிட, சோடியமும் அதைத் தொடர்ந்து கால்சியமும் உள்ளே நுழைகின்றன. மைட்டோகாண்ட்ரியாவில் சக்சினேட் என்ற பொருள் குவிகிறது. ரத்தம் திரும்பாவிட்டால் செல் இந்த நிலையிலேயே சாகும். எவ்வளவு நேரம் தாங்கும் என்பது உறுப்புக்கு உறுப்பு வேறுபடும்: மூளை சில நிமிடங்கள், இதயத்தசையில் ஏறத்தாழ 20 நிமிடங்களுக்குப் பிறகு மீளாச் சேதம் தொடங்குகிறது, கை கால் தசைகள் பொதுவாக நான்கிலிருந்து ஆறு மணி நேரம் தாங்கும், தோல் அதைவிடக் கூடுதலாகத் தாங்கும். இதனால்தான் தோல் பார்வைக்கு நன்றாக இருக்கும்போதே உள்ளே தசை செத்திருக்க முடிகிறது.

இப்படித் தேங்கிக்கிடக்கும் பொருள்களின் மேல் திடீரென்று ஆக்சிஜன் வந்து பாய்கிறது. குவிந்திருந்த சக்சினேட் வெகுவேகமாக எரிய, எலெக்ட்ரான்கள் மைட்டோகாண்ட்ரியாவின் முதல் புரதக்கூட்டில் பின்னோக்கி ஓடி ஆக்சிஜனில் ஏறிச் சூப்பர் ஆக்ஸைடு என்னும் ஃப்ரீ ராடிக்கலை உண்டாக்குகின்றன. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஆய்வாளர்கள் முன்னின்று 2014இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. அதற்கு முன்பே, 1981இல், கிரேஞ்சரும் மெக்கார்டும் அவர்களுடைய சக ஆய்வாளர்களும் பூனையின் குடலில் செய்த சோதனைகளின் அடிப்படையில் வேறொரு வழியைக் கூறியிருந்தார்கள்: தேங்கிய ஹைப்போசாந்தைனைச் சாந்தைன் ஆக்ஸிடேஸ் என்னும் நொதி, வந்து சேரும் ஆக்சிஜனைக் கொண்டு யூரிக் அமிலமாக மாற்றும்போது சூப்பர் ஆக்ஸைடு கொட்டுகிறது. மனிதத் தசைச்செல்லில் இந்த நொதி குறைவு. நுண்ணிய ரத்தக்குழாய்களின் உட்சுவரில்தான் இருக்கிறது. ஆனால் சித்தப்பாவின் காலில் முதலில் கசிந்ததும் அந்த உட்சுவர்தான் என்பதால், இரண்டு வழிகளையும் ஒன்றையொன்று மறுப்பவையாக நான் பார்ப்பதில்லை.

சூப்பர் ஆக்ஸைடு மட்டும் இருந்தால் உடல் சமாளித்துக்கொள்ளும். மெக்கார்டும் ஃப்ரிடோவிச்சும் 1969இல் கண்டறிந்த சூப்பர் ஆக்ஸைடு டிஸ்மியூட்டேஸ் என்ற நொதி அதை ஹைட்ரஜன் பெராக்ஸைடாக மாற்றும்; கேட்டலேஸ், குளூட்டாதயோன் பெராக்ஸிடேஸ் என்ற நொதிகள் அந்தப் பெராக்ஸைடைத் தண்ணீராக மாற்றும். ஆனால் காயம்பட்ட திசுவில் இரும்பு விடுபட்டுக் கிடக்கிறது. ஹைட்ரஜன் பெராக்ஸைடு அந்த இரும்போடு சேரும்போது ஹைட்ராக்ஸில் என்னும் ராடிக்கல் பிறக்கிறது. ஒரு நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கு நேரம்கூட நிலைக்காத அது, பிறந்த இடத்திலேயே பக்கத்தில் எது இருக்கிறதோ அதைத் தாக்கும். பெரும்பாலும் அகப்படுவது செல்சவ்வின் கொழுப்பு. ஒரு கொழுப்பு மூலக்கூறு கெட்டால் அது அடுத்ததைக் கெடுத்து, சங்கிலியாகச் சவ்வு முழுவதும் பரவுகிறது.

வகுப்பில் இதை மாணவர்களுக்குக் கண்ணால் காட்டுவதற்கு ஒரு பழைய சோதனை இருக்கிறது. கெட்டுப்போன கொழுப்பிலிருந்து வரும் மலோன்டையால்டிஹைடோடு தயோபார்பிட்டியூரிக் அமிலத்தைக் கலந்து, கொதிநீரில் வைத்துச் சூடாக்கினால், தெளிவாக இருந்த கரைசல் மெல்ல மெல்ல இளஞ்சிவப்பாகும். அதன் அடர்த்தியை 532 நானோமீட்டர் ஒளியில் அளக்கிறோம். அந்த நிறம் எழுந்தால் சவ்வுகள் சிதைந்திருக்கின்றன என்று பொருள். ஒவ்வோர் ஆண்டும் குழாயைத் தூக்கிப் பிடித்துக் காட்டும் எனக்கு, சித்தப்பாவின் கால் இறுகிக்கொண்டிருந்த அந்த மாலையில் அந்த இளஞ்சிவப்பு நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது.

சவ்வு சிதைந்த நுண்குழாய்கள் கசிகின்றன. நீர் தசைக்குள் இறங்குகிறது. ரத்தக்குழாயை விரித்து வைத்திருக்கும் நைட்ரிக் ஆக்ஸைடைச் சூப்பர் ஆக்ஸைடு தின்றுவிடுவதால் நுண்குழாய்கள் சுருங்குகின்றன. வெள்ளணுக்கள் அங்கே வந்து ஒட்டி, கிருமியைக் கொல்ல வைத்திருக்கும் அதே ராடிக்கல்களைத் திசுவின் மேல் பாய்ச்சுகின்றன. முதல் வீச்சு ரத்தம் திரும்பிய சில நிமிடங்களுக்குள் நடந்துவிட, வெள்ளணுக்களின் தாக்குதல் மணிக்கணக்கில் நீடிக்கிறது. முழங்காலுக்குக் கீழே தசைகள் நான்கு அறைகளாக, விரிந்துகொடுக்காத உறைகளுக்குள் இருக்கின்றன. உள்ளே நீர் சேரச் சேர அழுத்தம் ஏறி, 30 மில்லிமீட்டர் பாதரசத்தைத் தாண்டும்போது நுண்குழாய்கள் நசுங்குகின்றன. பெரிய குழாயில் நாடி நன்றாகக் கிடைக்கும்போதே தசைக்கு ரத்தம் மறுபடி நின்றுவிடுகிறது. உறையைக் கீறித் திறந்தால்தான் அழுத்தம் இறங்கும். சித்திக்கு நான் அன்று சொன்னது இந்தக் கடைசிப் பகுதியை மட்டுமே. அதுவே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

திறந்த காயத்தைப் பார்க்கும்போது மனம் கலங்கும். சிவந்த தசை வெளியே பிதுங்கி நிற்க, சில நாட்கள் கட்டு மாற்றி, வீக்கம் வடிந்த பிறகே மூடுவார்கள். மூட முடியாத இடத்தில் தோல் ஒட்டுவார்கள். நோயாளியின் கூடவே ஒருவர் இருந்து கவனிக்க வேண்டிய நாட்கள் அவை. நெருக்கடி மிகுந்த வார்டில் ஒரு செவிலியர் பல நோயாளிகளைக் கவனிக்கும்போது, முதல் மாற்றத்தைக் காண்பவர் கட்டிலருகே உட்கார்ந்திருக்கும் நீங்களாகவே இருப்பீர்கள். எங்கள் விஷயத்தில் வீக்கத்தை முதலில் கவனித்தவர் சித்திதான். பாதம் சூடாக இருக்கிறதே என்று ஆறுதல் அடையாமல், கெண்டைக்காலைத் தொட்டுப் பார்த்தவர் அவர். விரலை வளைத்தால் தாங்க முடியாத வலி, மருந்துக்குக் கட்டுப்படாத வலி, விரலிடுக்கில் மரத்துப்போதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் எழுந்துபோய் மருத்துவரைக் கூப்பிடுங்கள். நாடி இருக்கிறதே என்று யாராவது சமாதானம் சொன்னாலும் விடாதீர்கள்.

கட்டிலருகே தொங்கும் பையில் சேரும் சிறுநீரின் நிறத்தையும் பாருங்கள். செத்த தசையிலிருந்து மயோகுளோபின் என்னும் தசைப்புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடையும்போது சிறுநீர் கருமை கலந்த சிவப்பாகும். மயோகுளோபினில் இருக்கும் இரும்பு சிறுநீரகக் குழல்களிலும் ராடிக்கல்களை உண்டாக்கிப் புண்படுத்தும்; ஆகவே சலைனை அதிகமாக ஏற்றிச் சிறுநீரை ஓடவைக்கிறார்கள். அதே தசையிலிருந்து வெளியேறும் பொட்டாசியம் இதயத்துடிப்பையே நிறுத்தக்கூடியது என்பதால் ஈ.சி.ஜி.யும் ரத்தப் பரிசோதனையும் திரும்பத் திரும்பச் செய்யப்படும். காலுக்கு அறுவை செய்துவிட்டு இதயத்தை ஏன் பார்க்கிறார்கள் என்று பக்கத்துக் கட்டில் ஆட்கள் கேட்டார்கள். அதற்குக் காரணம் இதுதான்.

ஆக்சிஜன் முகமூடி வைக்கவில்லையே என்றும் சித்திக்குக் கவலை. ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு இயல்பாக இருப்பவருக்குக் கூடுதல் ஆக்சிஜன் கொடுப்பதால் பயனில்லை. ஸ்வீடனில் மாரடைப்பு என்று ஐயுறப்பட்ட 6,629 பேரிடம் நடத்தி 2017இல் வெளியான ஆய்வில், அளவு 90 விழுக்காடோ அதற்கு மேலோ இருந்தவர்களுக்கு ஆக்சிஜன் கொடுத்தது இறப்பைக் குறைக்கவில்லை.

இனி, என்னை மிகவும் வருத்தும் விஷயத்துக்கு வருகிறேன். ஃப்ரீ ராடிக்கல் என்ற சொல் எங்கள் வீட்டில் அடிபட்டதும், செம்பூரிலிருந்தும் முலுண்டிலிருந்தும் பார்க்க வந்த உறவினர்கள் ஆன்டி ஆக்ஸிடன்ட் மாத்திரை டப்பாக்களோடு வந்தார்கள். அன்பினால் செய்தார்கள், அவை விலை குறைந்தவையும் அல்ல. ராடிக்கல் சேதம் செய்கிறது, ஆகவே ராடிக்கலை அழிக்கும் மாத்திரை காப்பாற்றும் என்ற தர்க்கம் கேட்பதற்குச் சரியாகவே இருக்கிறது. ஆராய்ச்சியாளர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். மாரடைப்பு நோயாளிகளுக்கு ரத்தக்குழாயைத் திறக்கும்போதே சூப்பர் ஆக்ஸைடு டிஸ்மியூட்டேஸைச் செலுத்திப் பார்த்த 1994ஆம் ஆண்டு ஆய்வில் இதயத்தின் இயக்கம் கூடுதலாகத் தேறவில்லை. பக்கவாதத்துக்காக உருவாக்கப்பட்ட, ராடிக்கல்களைப் பிடிக்கும் என்.எக்ஸ்.ஒய்.-059 என்ற மருந்து முதல் பெரிய ஆய்வில் நம்பிக்கை தந்துவிட்டு, 2007இல் வெளிவந்த இரண்டாவது ஆய்வில் தோற்றது. தினமும் 400 யூனிட் வைட்டமின் ஈ சாப்பிட்டவர்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்த ஹோப் ஆய்வு, 2000இல், மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை என்று சொன்னது. காரணம் ஓரளவு விளங்கக்கூடியதே. ராடிக்கல் பிறப்பது செல்லுக்குள்ளே, மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ளே, முதல் சில நிமிடங்களில். மறுநாள் வாயில் போடும் காப்சூல் அந்த இடத்தையும் அந்த நேரத்தையும் அடைய முடியாது. இதோடு, ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் வைட்டமின் ஈயை அதிக அளவில் எடுத்தால் ரத்தக்கசிவு அபாயமும் கூடும். அந்த டப்பாக்களை மருத்துவரிடம் காட்டினோம். அவர் வேண்டாம் என்றார். சித்தி அவற்றை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

இந்த வேதியியல் பயன்பட்ட இடம் ஒன்றும் இருக்கிறது. மாற்றுச் சிறுநீரகத்தைப் பாதுகாத்து எடுத்துச்செல்ல, விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 1980களில் உருவான கரைசலில், சாந்தைன் ஆக்ஸிடேஸைத் தடுக்கும் அலோபியூரினாலும், ராடிக்கல் சேதத்தைத் தணிக்கும் குளூட்டாதயோனும் சேர்க்கப்பட்டுள்ளன. உறுப்பு உடலுக்கு வெளியே, குளிரில், ரத்தம் திரும்புவதற்கு முன்பே மருந்தோடு இருப்பதால் அங்கே அது சாத்தியமாகிறது. சித்தப்பாவின் கால் போன்ற ஒன்றுக்கு அப்படி முன்கூட்டித் தயாராக முடியாது. ரத்தமில்லாமல் கிடக்கும் ஒவ்வொரு மணி நேரமும் சக்சினேட்டும் ஹைப்போசாந்தைனும் குவிந்து பின்னால் வரும் வீச்சைப் பெரிதாக்குகின்றன என்பதால், குடும்பத்தார் குறைக்கக்கூடிய ஒரே அளவு அந்த நேரம்தான். தைலத்திலும் கிளினிக்கிலும் போன நேரம் இல்லாதிருந்தால் கீறல் தேவைப்படாமலே போயிருக்கலாம் என்று அறுவை மருத்துவர் எங்களிடம் சொன்னார்.

சித்தப்பாவின் கால் தங்கிவிட்டது. பாதம் தொங்கிப்போனதால் பிளாஸ்டிக் பட்டையை அணிந்து நடக்கிறார். நரம்பு தசையைவிட மெதுவாகத் தேறும் என்பதால் பிசியோதெரபி தொடர்கிறது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை கொடுத்து, ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையின் அளவு 2க்கும் 3க்கும் இடையே இருக்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள். கீரையிலுள்ள வைட்டமின் கே இந்த மாத்திரையின் வேலையைக் குறைக்கும் என்பதால், அதை நிறுத்திவிடாமல், வாரா வாரம் ஒரே அளவில் சாப்பிடச் சொல்லியிருக்கிறார்கள். ஊருக்குப் போகும்போது, தங்கும் நாட்களுக்கு மேல் இன்னும் பத்து நாட்களுக்கான மாத்திரையும் மருந்துச் சீட்டின் நகலும் பையில் இருக்கின்றனவா என்று சித்தி பார்த்துவிட்டுத்தான் தாதர் ரயில் நிலையத்துக்குக் கிளம்புகிறார். காலையும் இரவும் இரண்டு பாதங்களையும் ஒரே நேரத்தில் தொட்டு, சூட்டில் வித்தியாசம் இருக்கிறதா என்று பார்க்கவும் பழகியிருக்கிறார். சர்க்கரை நோயாளியோ, புகைப்பவரோ, துடிப்பு ஒழுங்கற்றவரோ இருக்கும் வீடுகளில் இதை யாரும் செய்யலாம்.